ரெடிச் போய் வந்தேன்

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? காலையில் வெறும் வயிற்றோடு இருக்காதே.

போன வாரம் பெரியம்மாவோடு பர்மிங்காம் பக்கத்தில் இருக்கும் ரெடிச் போயிருந்தேன். உன் அறைச் சுவரில் படம் ஒட்டியிருந்தாயே, லெட் செப்பலின் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹாம், அவருடைய ஊர். 2018இல் அங்கே அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். தன்னை மறந்து டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறார். "நம் பிள்ளை மாதிரியே இருக்கிறான்" என்றார் பெரியம்மா. எனக்குப் பெருமைதான், காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து அவரைப் பற்றிப் படித்தேன். ஐந்து வயதில் தகர டப்பாக்களைத் தட்டிய பிள்ளைக்குப் பத்து வயதில் ஸ்நேர் டிரம் வாங்கிக் கொடுத்தது அவருடைய அம்மா. உனக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்று நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. பான்ஹாம் தன் அப்பாவிடம் தச்சு வேலை பழகியவர். டிரம்ஸை முறையாக யாரிடமும் கற்கவில்லை. காலால் அடிக்கும் பெரிய டிரம்மை ஒரே பெடலில், ஒரே காலால் அப்படி அடித்திருக்கிறார். நீ குதிகாலால் தரையைத் தட்டித் தட்டிப் பழகியது அதைத்தானா? கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டாரே!

லெட் செப்பலினில் சேர்ந்தபோது அவருக்கு வயது 20. 1980 செப்டம்பர் 24 அன்று ஒத்திகைக்குப் போகும் வழியில், காலை உணவு நேரத்திலேயே ஓட்காவைத் தொடங்கியிருக்கிறார். மொத்தம் நாற்பது சிறு கோப்பை அளவு இருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். இரவு நண்பர் வீட்டில் படுக்க வைத்தார்கள். தூக்கத்தில் வாந்தி மூச்சை அடைத்துவிட்டது. வயது 32. மகன் ஜேசனுக்கு அப்போது 14. டிசம்பரில் குழுவே கலைந்தது. மேடையில் அத்தனை பேரை ஆட்டி வைத்த மனிதருக்கு வீட்டைப் பிரிந்திருப்பது பிடிக்காதாம். அந்தத் தாய் மகனுக்குப் பின்னும் பல ஆண்டுகள் இருந்தார்.

உனக்கு வரும் ஆவணியில் 31.

லீட்ஸுக்கு வந்திருந்தபோது உன் சன்னலோரம் இருந்த தேநீர்க் குவளையைக் கழுவி வைத்தேன். அதில் தேநீர் மணமே இல்லை. அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. பான்ஹாமைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜேசனும் டிரம்ஸ்தான். 2007இல் லண்டன் ஓ2 அரங்கில் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து வாசித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே குடியை விட்டுவிட்டவர். வாசிப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அத்தை மகளின் நிச்சயதார்த்தம் பற்றி எழுத நினைத்தேன், பிறகு எழுதுகிறேன். காலையில் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அழை. இரவில் வேண்டாம், காலை ஒன்பது மணிக்கு அழை.

அம்மா