விமானத்தைக் கட்டுனது அவரு பாக்குற தொழில்தான் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கெழமை இணைப்புல சொந்தமா விமானம் கட்டுறவங்களப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். படமெல்லாம் பெருசா போட்டிருந்தீங்க, கடைல வேல பாக்குற பயலுக ரெண்டு பேரும் என் கையிலருந்து புடுங்கிட்டுப் போயி படிச்சாய்ங்க, அம்புட்டு ஆர்வம். ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதச் சொல்லத்தான் இத எழுதுறேன். கட்டுரை பூராம் பாருங்க இவரு வெறும் மெக்கானிக்தான் ஆனா விமானம் கட்டிட்டாரு, படிப்பு இல்ல ஆனா பறந்துட்டாருண்டே போகுது. உங்க பேப்பரு மட்டுமில்ல, டிவில வந்தாலும் யூடியூப்ல வந்தாலும் இதே பாட்டுத்தான். மெக்கானிக்கா இருந்ததாலதான் அவரால கட்ட முடிஞ்சுச்சுன்னு ஒருத்தராவது எழுதுனா என்ன?

நான் சிம்மக்கல் பக்கம் சீட் கவர், குஷன், ரெக்ஸின் வேலைக் கடை வச்சிருக்கேன். கார், வேன், ஆட்டோ, மண்டபத்து சோபா எது வந்தாலும் தைப்போம். ஒனக்கும் விமானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. என் மச்சான் மகன் டெக்சாஸ்ல சாஃப்ட்வேர்ல இருக்கான், அவன் வீட்டு கராஜ்ல ரெண்டு பேரு உக்காந்து போற விமானம் ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கான். ஆர்வின்னு ஒரு வகை, ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன்னு ஒருத்தர் டிசைன் பண்ணுனது, அதுல இதுவரைக்கும் 11,000-க்கு மேல உலகம் பூராம் கட்டிப் பறக்க விட்டிருக்காங்க. மொதல்ல வால் பகுதி மட்டும் பெட்டில வரும், அதக் கட்டிப் பாத்து நம்மால முடியும்னு தைரியம் வந்தா அப்புறம் ரெக்கை, அப்புறம் உடம்பு. காசையும் அப்பப்ப கட்டிக்கலாம். இது எனக்குப் புடிச்சிருந்துச்சு, சம்பளக்காரனுக்கு வேற வழி ஏது.

இவன் மாசத்துல பாதி நாளு வீடியோ கால்ல வந்து "மாமா இங்க பாருங்க"ன்னு ஏதாச்சும் காட்டுவான். பூராம் அலுமினியத் தகடு, தகட்டோட தகட்டச் சேக்குற ஆணி, அதான் ரிவெட், அது ஆயிரக்கணக்குல. ரிவெட் அடிக்கிறது ஒத்த ஆளு வேல இல்ல சார், இந்தப் பக்கம் ஒருத்தர் கன்னு வச்சு அடிக்கணும், அந்தப் பக்கம் ஒருத்தர் இரும்புக் கட்டைய அசையாம புடிச்சு நிக்கணும், லேசா நழுவுனா தகட்டுல பிறை மாதிரி தழும்பு விழுந்துரும், ரிவெட்ட டிரில் போட்டு எடுத்துட்டு மறுபடியும் மொதல்லருந்து. கட்டை புடிக்கிறது எங்க மருமக, அவ ஆஸ்பத்திரில நர்ஸு. நைட் டூட்டி முடிச்சு வந்தும் புடிப்பா. அவ கை அசையாதுங்கறான் இவன். ஐசியூல ஊசி போட்டுப் பழகுன கை எப்படி அசையும்?

இவன மாதிரியே விமானம் கட்டுற கூட்டாளிக எல்லாம் என்ன வேல பாக்குறாய்ங்கன்னு ஒருநா கேட்டேன். ஒருத்தர் பல் டாக்டர், ஒருத்தர் ஸ்கூல் பஸ் டிரைவரு, இன்னொருத்தர் ஃபயர் சர்வீஸு, ஏசி டக்ட், அதாவது ஏசிக் காத்து போற தகட்டுக் குழா போடுற ஆளு ஒருத்தர், சர்ச்சுல பாஸ்டரா இருக்கவரு ஒருத்தர். விமானம் ஓட்டுறத தொழிலா வச்சிருக்கவரு அந்தக் கூட்டத்துல ஒரே ஒருத்தர்தானாம், அவரு ரெக்கைதான் இருக்குறதுலயே மெதுவா வளருதாம். ஏசி டக்ட் போடுறவரு தகட்டு வேலைல புலி, எல்லாரும் அவருகிட்டத்தான் போயி நிப்பாய்ங்களாம். ஆபீஸ்ல இவனுக்குக் கீழ இருபது பேரு வேல பாக்குறாய்ங்க, கராஜ்ல இவன் அந்த டக்ட்காரருக்கு எடுபிடி.

பல் டாக்டரு கட்டுறது வேற மாடலு. பியட்டன்போல்னு ஒரு மெக்கானிக்கு, மினசோட்டாவுல, 1929-லயே ஃபோர்டு மாடல் ஏ காரு இன்ஜின போட்டு மர விமானம் ஒண்ணு கட்டுனாரு, அந்தப் பிளான வாங்கி இன்னிக்கும் கட்டுறாங்க. மரச்சட்டம், மேல துணி. துணின்னு சொன்னதும் நான் நிமிந்து உக்காந்துட்டேன். போட்டோ அனுப்பச் சொன்னேன், அனுப்புனாரு. பாலியெஸ்டர் துணிய ரெக்கை சட்டத்துல பசை போட்டு ஒட்டி, அப்புறம் வீட்டுல துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியவே எடுத்துத் தேய்க்கிறாங்க, சூட்டுக்கு துணி சுருங்கி மத்தளத் தோலு மாதிரி விறைச்சுக்குது. ஆனா இஸ்திரிப் பெட்டில இருக்க திருகை நம்பக் கூடாது, தனியா தெர்மாமீட்டர் வச்சுப் பாத்து கோடு போட்டு வச்சுக்கணும், மொதல்ல கம்மி சூடு, கடைசியா 350 ஃபாரன்ஹீட், அதத் தாண்டுனா சுருங்குன துணி திரும்பத் தொளதொளன்னு ஆயிரும், கிழிச்சு எறிஞ்சுட்டு புதுசுதான். ரெக்ஸின்ல ஹீட் கன்னு காட்டுறவங்களுக்கு இந்த பயம் தெரியும்.

அதுக்கப்புறம் தையல். ஒட்டுனா மட்டும் போதாது, மேல துணியையும் கீழ துணியையும் சட்டத்தோட சேத்து மெழுகு நூல்ல நீள ஊசியால குத்தி இழுத்துக் கட்டணும். இதுல ஒரு சூட்சுமம், ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனியா முடிச்சு போட்டு பூட்டிரணும், எங்கயாச்சும் ஒரு எடத்துல நூலு அறுந்தாலும் மத்தது பிரியாது. முன்னாடி இருக்க காத்தாடிக் காத்து மோதுற எடத்துல மட்டும் தையல நெருக்கமா போடணும். இது எல்லாம் நாங்க தினமும் பண்ற வேலைதான சார். டிரைவர் சீட்டுல ஏறி எறங்குற பக்கத்துல தையல நெருக்கிப் போடுறது எதுக்கு? அந்த டாக்டரு முடிச்சு போட்டிருந்தத பாத்தேன், நல்லாத்தான் போட்டிருந்தாரு, ஊசிய இழுக்கிற கோணம் மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்ச்சா கை வலிக்காதுன்னு சொல்லி அனுப்புனேன். தேங்க்ஸ்னு பதில் வந்துச்சு.

எங்க கடைக்குப் பக்கத்துல டிங்கர் வேல பாக்குற அண்ணே இருக்காரு. தகட்டுல விரிசல் விட்டா அது முடியுற நுனில சின்னதா ஒரு ஓட்டை போட்டுருவாரு, விரிசல் அதுக்கு மேல ஓடாது. விமானத் தகட்டுலயும் அதேதான் பண்றாங்கன்னு மருமகன் சொன்னப்ப அவருகிட்ட போயி சொன்னேன், "பின்ன வேற என்னத்தப் பண்ணுவாய்ங்க"ன்னு கேட்டுட்டு அவரு பாட்டுக்கு அடிக்க ஆரம்பிச்சுட்டாரு.

வரலாறும் இதத்தான் சொல்லுது. ரைட் பிரதர்ஸ் சைக்கிள் கடைக்காரங்கன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்போம், ஆனா அவங்க கடைல வேல பாத்த சார்லி டெய்லர்னு மெக்கானிக்குதான் இன்ஜினச் செஞ்சாருங்கறது பாதிப் பேருக்குத் தெரியாது, 12 குதிரைசக்தி, ஆறே வாரத்துல முடிச்சுட்டாரு. இங்கிலீஷ் கால்வாயத் தாண்டுன பிளேரியோ காருக்கு ஹெட்லைட் செஞ்சு வித்தவரு. நம்ம வயக்காட்டுல உழுகுற மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரு இருக்குல்ல, அந்த ஃபெர்குசன் 1909 டிசம்பர் 31-ஆம் தேதி தானே கட்டுன விமானத்துல பறந்தவரு, அயர்லாந்துல மொத ஆளு. அப்ப அவரு பாத்தது அண்ணன் கடைல காரு ரிப்பேரு. உங்க தொழில்லயும் ஒருத்தர் இருக்காங்க சார், லிலியன் பிளாண்டுன்னு ஒரு அம்மா, அதே அயர்லாந்துல பத்திரிகைக்கு எழுதி போட்டோ எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தவங்க, 1910-ல விமானம் கட்டுனாங்க, பெட்ரோல் டேங்க் வந்து சேரல, பொறுக்கமாட்டாம காலி விஸ்கி பாட்டில்ல பெட்ரோல ஊத்தி காது கேக்காத அத்தையோட காதுக் குழல வச்சு இன்ஜினுக்கு விட்டு ஓட்டிப் பாத்துட்டாங்க. அப்புறம் அவங்க அப்பா பயந்துபோயி இத விட்டுரு ஒனக்கு காரு வாங்கித் தாரேன்னு சொல்ல, விட்டுட்டாங்க. அப்பன்மாரு எல்லா ஊருலயும் ஒண்ணுதான்.

நம்ம பக்கம் வருவோம். இடுக்கில, தேனியத் தாண்டுனா வர்ற மாவட்டம்தான், ஒருத்தர் காது கேக்காதவரு வாய் பேச வராதவரு, ஏழாங்கிளாஸோட நின்னவரு, ரப்பர் தோட்டத்துல மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரப் பாத்து ஆசப்பட்டு, கெடச்ச ரிப்பேர் வேலையெல்லாம் பாத்துக்கிட்டே விமானம் கட்டுனாரு. 2014-ல அது பறந்தது எங்கன்னு நெனைக்கிறீங்க, நம்ம மணிமுத்தாறுல, ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிடையர் ஆன ஒரு ஆபீசர்தான் ஓட்டிக் காட்டுனாரு. அப்ப வந்த செய்தியெல்லாம் அவருக்கு என்ன வராதுங்கறதப் பத்தித்தான். என்ன வேல தெரியும், எந்தக் கையிலருந்து எந்தப் பார்ட்டு வந்துச்சுங்கறத நான் படிச்சதுல ஒருத்தரும் எழுதல.

காசும் வேணும், அதயும் மறைக்கக் கூடாது. ஆலப்புழைக்காரர் ஒருத்தர் லண்டன் பக்கம் ஃபோர்டு கம்பெனில இன்ஜினியரு, லாக்டவுன்ல வீட்டுத் தோட்டத்து ஷெட்டுலயே நாலு பேரு போற விமானத்தக் கட்டி குடும்பத்தோட சுத்துனாரு, செலவு ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பவுண்டுன்னு செய்தில வந்துச்சு. எங்க டிங்கர் அண்ணனுக்கு கையி இருக்கு, பவுண்டு இல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. தொழில்காரன் கையோட சேந்து அவனோட "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"ங்கற பழக்கமும் விமானத்துல ஏறி உக்காந்துரும். அமெரிக்காவுல ஜான் டென்வர்னு பெரிய பாடகர், 1997-ல ஒருத்தர் வீட்டுல கட்டுன விமானத்த வாங்கி ஓட்டி கடல்ல விழுந்து செத்துப் போனாரு. டிசைன் பண்ணுன பர்ட் ரூட்டன் எந்த டேங்க்லருந்து பெட்ரோல் வரணும்னு மாத்துற வால்வை பைலட்டோட கால்களுக்கு நடுவுல வச்சு வரைஞ்சிருந்தாரு, கட்டுனவரு அத பைலட்டோட இடது தோளுக்குப் பின்னாடி மாத்தி வச்சிருந்தாரு. பறந்துக்கிட்டு இருக்கும்போது திரும்பி கையவிட்டுத் தேட வேண்டிய எடம். ஒரே ஒரு வால்வு சார்.

அதனாலதான் அங்க சட்டம் ரெண்டையும் பாக்குது. பாதிக்கு மேல வேலைய கட்டுறவரே தன் கையால செஞ்சிருக்கணும், அதுவும் கத்துக்கறதுக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும்தான். முடிஞ்சதும் ஆளு வந்து பரிசோதிக்கும், அப்புறம் 25 மணி நேரமோ 40 மணி நேரமோ சொன்ன எல்லைக்குள்ளயே பறந்து காட்டணும், அதுவரைக்கும் பொண்டாட்டிய ஏத்திட்டுப் போக முடியாது. உள்ள ஏறுறவங்க கண்ணுல படுற மாதிரி இது வீட்டுல கட்டுனது, கம்பெனி விமானத்துக்கு இருக்க பாதுகாப்பு விதிக்கு உட்பட்டதில்லன்னு எழுதி ஒட்டணும். நம்ம நாட்டுல மும்பைல அமோல் யாதவ்னு ஜெட் ஏர்வேஸ்ல பைலட்டா இருந்தவரு, ஃபிளாட்டு மொட்டை மாடில ஆறு பேரு போற விமானம் கட்டுனாரு, 2016-ல கண்காட்சில வச்சு எல்லாரும் கைதட்டுனாங்க, ரிஜிஸ்ட்ரேஷன் கெடச்சது 2017-ல, பறக்க அனுமதி 2019-ல. விமானம் ஓட்டுறதே தொழிலா வச்சிருக்கவருக்கே இந்த அலைச்சல்னா, மேலூர்லயோ உசிலம்பட்டிலயோ ஒரு வெல்டர் பய கட்டுனா எந்த ஆபீஸ் வாசல்ல போயி நிப்பான்? எந்தப் பேப்பர நீட்டுவான்? நீங்க போட்டோ எடுப்பீங்க, யாராச்சும் சால்வை போடுவாங்க, அதோட அது வைக்கோல் படப்புக்குப் பக்கத்துல துருப்பிடிச்சுக் கெடக்கும். இல்லாட்டி ஒருத்தரும் பரிசோதிக்காம பறக்கப் பாப்பான், அது அத விட மோசம்.

அதனால அடுத்த தடவ இப்படி ஒரு ஆளப் பத்தி எழுதுறப்ப உங்க நிருபருகிட்ட ரெண்டு கேள்வி சேத்துக் கேக்கச் சொல்லுங்க. தெனம் பாக்குற வேலைலருந்து எத எடுத்து இதுல போட்டீங்க, கட்டுனத விஷயம் தெரிஞ்ச யாரு வந்து பாத்தாங்க. அதிசயம் அற்புதம்லாம் அதுக்கப்புறம் எழுதிக்கலாம்.

இன்னொரு உதவியும் வேணும். 1910 மார்ச்சுல பல்லாவரத்துல ஒரு விமானம் பறந்துச்சு, கட்டுனது மவுண்ட் ரோட்டுல ஹோட்டல் நடத்துன டி'ஏஞ்சலிஸ்னு ஒருத்தர், அவருக்கு வேல செஞ்சு குடுத்தது குதிரை வண்டி, கோச்சு வண்டி செய்யுற சிம்சன் பட்டறை. ஹோட்டல்காரர் பேரு எல்லா எடத்துலயும் இருக்கு. அந்தப் பட்டறைல தச்சு வேலையும் துணி வேலையும் யாரு பாத்தாங்கன்னு நானும் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆப்புடல. வண்டிக்கு குஷன் தைக்கிற கையிதான் ரெக்கைக்கும் தச்சிருக்கணும்னு என் யூகம். உங்க வாசகர்கள்ல சென்னைப் பக்கம் பழைய சிம்சன் குடும்பத்து ஆளுக யாராச்சும் இருந்து, எங்க தாத்தா அங்க வேல பாத்தாருன்னு ஏதாச்சும் தெரிஞ்சா உங்களுக்கு எழுதச் சொல்லி ஒரு வரி போடுங்க சார்.

இப்படிக்கு,
சீட் கவர் கடைக்காரன்,
சிம்மக்கல், மதுரை.