தண்ணீர் குடிக்காமல் எங்களோடு இருந்த சிஸ்டருக்கும், மற்ற எல்லோருக்கும்

இந்தச் சில மாதங்கள் எங்கள் வீட்டில் எப்படிப் போயின என்று உங்களில் பலருக்கும் தெரியும், அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு: எங்கள் பாப்பாவுக்கு டயாபெட்டிஸ் இன்சிபிடஸ், அதாவது சிறுநீர் நிற்காமல் போய், எந்நேரமும் தாகம் எடுக்கிற நோய். பாப்பா நன்றாக இருக்கிறாள். இரவில் தண்ணீர் கேட்டு அழாமல் தூங்குகிறாள். சிறுநீரைக் குறைக்கிற டெஸ்மோபிரெசின் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, ரத்தத்தில் சோடியம் சரியான அளவுக்கு வந்துவிட்டது. "இத்தனை சின்னப் பிள்ளைக்குச் சுகரா?" என்று இன்னமும் கேட்கிற சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பெயரில் டயாபெட்டிஸ் இருந்தாலும் இது சர்க்கரை நோயே இல்லை. தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்ல வேண்டிய வாசோபிரெசின் ஹார்மோன், மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். அவளுக்குத் தாராளமாக லட்டு கொடுக்கலாம்.

சரி, நான் எழுத வந்தது இந்த நோய்தானா என்று கண்டுபிடிக்க டெஸ்ட் எடுத்த நாளைப் பற்றி. குழந்தைக்குத் தண்ணீரே கொடுக்காமல் வைத்து, மணிக்கு ஒரு தரம் எடை பார்த்து, போகிற சிறுநீரை எல்லாம் அளந்து, இடையிடையே ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். மற்ற பிள்ளைகளுக்கு நேரம் ஆக ஆகச் சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிவிடும். இவளுக்கோ குழாய்த் தண்ணீர் மாதிரி வந்துகொண்டே இருந்தது, எடை இறங்கிக்கொண்டே போனது. எடை ஓரளவுக்கு மேல் குறைந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள், அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்கிறார்கள். தயவுசெய்து யாரும் வீட்டில் தண்ணீரைக் குறைத்துப் பார்க்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டர் காலையில் வந்ததும் செய்த முதல் காரியம், பக்கத்துப் படுக்கை அம்மாக்களிடம் போய்த் தண்ணீர் பாட்டில்களைப் பைக்குள் வைக்கச் சொன்னது. கை கழுவுகிற இடத்தையே பாப்பா பார்த்துக்கொண்டிருந்ததால், அந்தக் குழாயின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். சாப்பாட்டு வண்டி வந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்குப் போய், கீழே நிற்கிற ஆட்டோக்களை எண்ணச் சொன்னார். சித்திரை வெயில், ஃபேன் காற்றே சுட்டது. நான் டீ வாங்கி நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. "பாப்பா பாத்துடுவா அக்கா, அப்புறம் குடிச்சுக்கறேன்." அப்போதுதான் உறைத்தது, அவர் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யாரும் அவரை அப்படி இருக்கச் சொல்லவில்லை. ஒரு மணிக்கு டியூட்டி முடிந்தது, அடுத்த சிஸ்டரும் வந்துவிட்டார், இவர் போகவில்லை.

டெஸ்டை நிறுத்தி, டெஸ்மோபிரெசின் கொடுத்த பிறகு வந்த சிறுநீரை அளவு ஜாடியோடு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "மஞ்சளா வந்திருக்கு பாருங்கக்கா!" என்று கத்தியேவிட்டார். மருந்துக்கு உடம்பு கேட்கிறது, அப்படியென்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, கோளாறு தலையில்தான் என்று டாக்டர் விளக்கியது அதற்கப்புறம். எனக்கு அந்த மஞ்சளே போதுமாக இருந்தது. அளந்து கொடுத்த முதல் டம்ளரைப் பாப்பாவுக்குப் புகட்டியதும் அவர்தான், அவள் குடித்து முடித்த பிறகுதான் தன் பாட்டிலைத் திறந்தார். சிஸ்டர், உங்கள் பெயரை இங்கே போடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தினமும் உங்கள் பேச்சுதான்.

இந்தப் பிள்ளை மட்டும் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று முதலில் கேட்ட அங்கன்வாடி டீச்சர், எங்கள் ஊரில் கிடைக்காத மாத்திரையை மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்துத் தருகிற மெடிக்கல் ஷாப் அண்ணன், தலைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்த அன்று கூடவே நின்ற என் நாத்தனார், லீவு கேட்ட போதெல்லாம் முகம் சுளிக்காத ஆபீஸ் நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் ஒரு தரமாவது வெளிர் நிறத்தில் நிறையச் சிறுநீர் போக வேண்டும், இல்லையென்றால் உடம்பில் தண்ணீர் தேங்கிச் சோடியம் இறங்கிவிடும் என்று படம் போட்டுப் புரியவைத்த டாக்டரம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஸ்கேனில் இப்போதைக்குக் கட்டி எதுவும் இல்லை. சில பிள்ளைகளுக்குக் காரணம் பின்னால்தான் தெரியவரும் என்பதால் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒன்றைக்கூடத் தள்ளிப்போட மாட்டோம். இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாருடைய குழந்தைக்காவது இந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், அன்று முழுக்க நான் வந்து கூட இருக்கிறேன்.