அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி போடுங்கள், தமிழம்மா

தருமபுரி

மதிப்பிற்குரிய தமிழம்மா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் வீட்டு மாடியில் ஒன்பது பேராக உட்கார்ந்து 'டேஞ்சரஸ் லியேசான்ஸ்' என்ற ஆங்கிலப் படம் பார்த்தோம். படம் முடிந்த பிறகு ஆளுக்கொரு கருத்தாகப் பேச்சு வளர்ந்தபோது நான் மட்டும் வாய் திறக்காமல் படியிறங்கி வந்துவிட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து உங்களிடம் பயின்றவள் என்பதால் உங்கள் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச நா எழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகோ உறக்கம் வரவில்லை. முழுக்க முழுக்கக் கடிதங்களாலேயே எழுதப்பட்ட ஒரு நாவலிலிருந்து பிறந்த படத்தைப் பற்றி நான் நினைப்பதையும் கடிதமாகவே எழுதுகிறேன். அன்று உடனிருந்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக வைக்கிறேன்.

முதலில், "படம் முழுக்கப் பட்டும் பவுடரும்தான், கதை எங்கே இருக்கிறது" என்று தம்பி ஒருவர் கேட்டதற்கு என் மறுமொழி. 1988-ல் வெளிவந்த இந்தப் படத்துக்கு ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. வென்ற மூன்றில் இரண்டு கலை இயக்கத்துக்கும் ஜேம்ஸ் ஆச்சசனின் உடை வடிவமைப்புக்கும் உரியவை, மூன்றாவது கிறிஸ்டோபர் ஹாம்ப்டனின் திரைக்கதைக்கு உரியது. ஆகவே உடை கண்ணில் பட்டது தம்பியின் குற்றமன்று. ஆனால் தொடக்கக் காட்சியை அவர் மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பிரபுகுலப் பெண்ணான மெர்த்தேய் சீமாட்டியைப் பணிப்பெண்கள் சூழ்ந்து நின்று உள்கச்சையின் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் வால்மோன் பிரபு முகத்தின் மேல் ஒரு மூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் பொய்முடியின் மீது வெண்பொடி தூவப்படுகிறது. இரண்டு வீரர்கள் களத்துக்குப் புறப்படுமுன் கவசம் பூட்டிக்கொள்வதைப் போலத்தான் இயக்குநர் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் அதைக் காட்டியிருக்கிறார்.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டை நீங்கள் எங்களுக்கு நடத்திய நாள் எனக்கு நினைவிருக்கிறது. நம் தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, இவையெல்லாம் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன என்று சொன்னதை நீங்கள் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அலங்கரித்த ஆயுதம் போர் காணாத ஆயுதம் என்பது ஔவை கண்ட உண்மை. இந்தப் படத்தில் வரும் பாரீஸில் அது தலைகீழாகிவிடுகிறது: அங்கே அலங்காரமே ஆயுதம், அணியாமல் வெளியே வருகிறவள் அன்றே தோற்றுப்போவாள். வால்மோன் குறிவைத்து மயக்கும் மணமான பெண் துர்வேல் அம்மையாரின் உடை மற்றவர்களுடையதைவிட எளிமையாக இருப்பதைக் கவனித்தீர்களா? அவரும் வீழ்த்தப்படுகிறார்.

வால்மோனாக நடித்த ஜான் மால்கோவிச் அழகர் இல்லை, இவரிடம் எப்படி ஒரு பெண் மயங்குவாள் என்ற பேச்சில் எனக்கு ஈடுபாடு இல்லை. மயக்குவது அவன் முகமன்று, அவன் பொறுமை. ஆனால் செசீலின் அறைக்குள் அவன் இரவில் நுழையும் காட்சியைப் பற்றிப் பின்வரிசையிலிருந்த அக்கா சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். கன்னியர் மடத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த சிறுபெண்ணின் அறைக்குச் சாவி தேடிப் பிடித்து உள்ளே போய், கத்தினால் உனக்குத்தான் அவமானம் என்று மிரட்டி அவன் செய்வதற்கு 'மயக்குதல்' என்று பெயர் வைப்பது தவறு. அது வன்முறை. அன்று அந்த இடத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் உறுத்துகிறது.

இப்போது உங்களிடம் வருகிறேன், அம்மா. நாடக அரங்கின் மாடத்தில் மெர்த்தேய் வந்து நின்றதும் பேச்சு அடங்கி, அமைதி நீண்டு, பிறகு அந்த மண்டபம் முழுவதும் அவளை நோக்கிச் சீறியபோது நீங்கள் கைதட்டினீர்கள். "செய்த பாவத்துக்குக் கூலி கிடைத்தது" என்றீர்கள். எல்லாரும் தட்டினார்கள். படம் அவ்வளவுதான் என்று எண்ணி யாரோ விளக்கைப் போட்டார்கள், தேநீர் வந்தது, டம்ளர் ஓசைக்கு நடுவே கடைசிக் காட்சி வெளிச்சத்தில் கரைந்து போனது.

அவள் நல்லவள் என்று நான் வாதாட வரவில்லை. பழைய காதலன் ஒருவனைப் பழிவாங்குவதற்காக அவன் மணக்கவிருந்த செசீலைக் கெடுக்கச் சொன்னவள் அவள். துர்வேலைக் கைவிடும்படி வால்மோனைத் தூண்டி, அதை ஒரு வெற்றியாகக் கொண்டாடியவளும் அவளே. ஆனால் நடுவில் அவள் தன் கதையைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பதினைந்து வயதில் சமூகத்துக்குள் வந்தபோது, வாய் மூடிச் சொன்னதைச் செய்வதுதான் தனக்கு விதிக்கப்பட்ட வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மௌனத்தைப் பயன்படுத்தி, மனிதர்கள் சொல்வதை விட்டுவிட்டு அவர்கள் மறைப்பதைக் கவனிக்கக் கற்றாள். மேசைக்கு அடியில் முட்கரண்டியால் தன் புறங்கையைக் குத்திக்கொண்டே முகத்தில் மகிழ்ச்சி காட்டப் பழகினாள். அந்த முட்கரண்டியைப் பற்றி அவள் சொல்லக் கேட்டபோது என் கை தானாக மடிக்குள் போனது. திருமண வீடுகளிலும் பெண் பார்க்கும் கூடங்களிலும் சிரித்தபடி நின்ற எத்தனை பெண்களை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம்!

அதே குற்றங்களில் சரிபாதி பங்குள்ள வால்மோனுக்கு என்ன ஆயிற்று? பனித்தரையில் நடக்கும் வாள்சண்டையில் தானே சாவை ஏற்று, துர்வேலுக்குக் காதல் செய்தி அனுப்பிவிட்டு, காதலனாக இறக்கிறான். சாகும் முன் மெர்த்தேயின் கடிதங்களை எதிரியின் கையில் கொடுத்துவிடுகிறான். செசீலின் அறையை அதற்குள் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நம் கூட்டத்திலும் அவனுக்காக இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அவள் மீது சீறிய மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களோ, அதுவரை அவள் கூடத்தில் விருந்துண்டு அவள் பேச்சை ரசித்தவர்கள். இந்தப் படத்துக்கு மூலமான லாக்லோவின் பிரெஞ்சு நாவல் 1782-ல் வந்தது, 175 கடிதங்கள். அதில் அவளுக்கு அம்மை போட்டு முகம் சிதைந்து, ஒரு கண்ணும் போய், வழக்கிலும் தோற்று ஊரை விட்டு ஓடுவதாக முடிகிறது. படம் அந்தத் தண்டனைகளை எல்லாம் நீக்கிவிட்டது. எதற்காக நீக்கியது என்பதற்கு விடை, நாம் பார்க்காமல் விட்ட அந்தக் கடைசிக் காட்சியில் இருக்கிறது.

என் அப்பா பாலக்கோட்டுப் பக்கத்துக் கூத்துக் கலைஞர் என்பது உங்களுக்குத் தெரியும். பாரத விழாவில் துரியோதனன் வேடம் அவருக்குத்தான். இரவெல்லாம் அவரைப் பார்த்து, "நாசமாய்ப் போவாய்" என்று மண்ணை வாரித் தூற்றிய பெண்கள், படுகளத்தன்று துரியோதனன் தொடை பிளந்து விழுந்து, மனைவி வேடம் கட்டியவர் ஒப்பாரி தொடங்கியதும், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை எட்டு வயதில் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அவன் செய்தது சரி என்று அவர்களில் ஒருத்திகூட நினைக்கவில்லை. விழுந்தவனுக்கு ஒப்பாரி உண்டு என்பது ஊர் வழக்கம், அவ்வளவுதான். அதன் பிறகு அப்பா கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, பழைய வேட்டித் துணியால் முகவர்ணத்தைத் துடைப்பார். பாதி முகம் சிவப்பாகவும் பாதி முகம் அப்பாவாகவும் இருக்கும் அந்த நேரத்தில் நான் அருகே போகப் பயப்படுவேன். அவர் என்னைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சீறலுக்குப் பின் மெர்த்தேய் திரும்பும்போது கால் ஒரு கணம் இடறுகிறது. நிமிர்ந்து நடந்து போய்விடுகிறாள். பிறகு கண்ணாடி முன் தனியாக உட்கார்ந்து, முகப்பூச்சைத் தானே துடைக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் அவளை அணிவித்த பணிப்பெண்களில் ஒருத்திகூட இல்லை. பூச்சுக்கு அடியிலிருந்து நாம் இரண்டு மணி நேரமாகப் பார்க்காத ஒரு முகம் வெளிப்படுகிறது, கண் கலங்குகிறது, திரை இருள்கிறது. மெர்த்தேயாக நடித்த கிளென் குளோஸ் அதில் ஒரு சொல்லும் பேசவில்லை. துரியோதனனுக்கு எங்கள் ஊர் கொடுத்த ஒப்பாரியை இவளுக்குக் கொடுக்கப் படத்துக்குள் யாரும் மிஞ்சவில்லை. பார்க்கிறவர்களை நம்பித்தான் அந்தக் காட்சி வைக்கப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வேறு படம் தொடங்குவதற்கு முன்னால் அந்தக் காட்சியை மட்டும் ஒருமுறை போடுங்கள், அம்மா. தேநீரைப் பிறகு கொடுக்கலாம். விளக்குப் பொத்தானுக்கு அருகில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

என்றும் தங்கள் அன்பு மாணவி