காட்டுவதற்காகச் செய்பவர்கள் ஏன் மறைக்கிறார்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் மாணவர்கள் பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட செய்தியை வாசித்தேன். 'காதல் விவகாரமாக இருக்கலாம்' என்று முடித்திருந்தீர்கள். எதை வைத்துச் செய்தார்கள் என்பதையும் விலாவாரியாகப் போட்டிருந்தீர்கள். அது யாருக்கு உதவும் என்று நினைத்தீர்களோ!

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பாடசாலைகளில் நெடுங்காலம் படிப்பித்தவள். சித்திரை வெயிலிலும் சுவெட்டரைக் கழற்றாத பிள்ளைகளை ஆசிரியைகளுக்குத் தெரியும். கையிலுள்ள காயம் வெளியே தெரிந்துவிட்டால் அடுத்து நடப்பதும் தெரியும்: அதிபரின் அறை, தாய்க்கு அழைப்பு, வீட்டில் அடி. "ஆக்களுக்குக் காட்டுறாள்" என்பார்கள். காட்ட நினைக்கிற பிள்ளை அந்த வெயிலில் ஏன் சுவெட்டர் போடுகிறது?

பெரும்பாலும் இது சாக நினைத்துச் செய்வதல்ல. சொல்லத் தெரியாத கோபமும் வெறுமையும் நெஞ்சுக்குள் முட்டும்போது, உடம்பு நோவு அதைக் கொஞ்ச நேரம் மறக்கச் செய்கிறது. அந்த நிம்மதி நிலைக்காது. அப்புறம் வெட்கமும் சேர்ந்துகொள்ள, பாரம் இன்னும் கூடும், மறுபடியும் செய்வார்கள். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பலருக்கு இது பழகிவிடுகிறது. தாய் குவைத்தில், தகப்பன் குடியில் என்று அம்மம்மாவோடு வளரும் பிள்ளை யாரிடம் போய் எதைச் சொல்லும்? வசதியான வீடுகளிலும் இது உண்டு. அங்கே ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைப் பெறுபேறும் ஒப்பீடும் போதும்.

சாகும் எண்ணம் இல்லைதானே என்று சும்மா விடவும் முடியாது. இப்படிச் செய்பவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். "சாகணும் போல இருக்கா மகள்?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆனால் முதலில் காயத்துக்கு மருந்து போடுங்கள். 'இனிச் செய்ய மாட்டேன்' என்று கண்ணகி அம்மன் கோயிலில் சத்தியம் வாங்கினால், அடுத்த முறை இன்னும் கெட்டித்தனமாக மறைப்பாள், அவ்வளவுதான்.

பொலிஸ் வரும் என்று பயந்து வைத்தியசாலையில் பொய் சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியே இலங்கையில் இப்போது குற்றம் அல்ல. அந்தச் சட்டம் 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த வாசலில் தெரிந்தவர் கண்டால் பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும் என்று நினைப்பவர்கள், வீட்டில் இருந்தபடியே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போடும்போது, எதை வைத்துச் செய்தார்கள் என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1926 ஐப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிகுடி.