எங்கள் ஊரின் கதையை எங்கள் ஆக்களே ஆடட்டும்: கிழக்கு மாகாண சுற்றுலாப் பணியகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணியகத்தின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும், திருகோணமலை நகர மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

திருகோணமலைக்கு வருகிறவர்கள் நிலாவெளியில் குளிக்கிறார்கள், புறாத்தீவுக்குப் படகேறுகிறார்கள், விடியற்காலையில் திமிங்கிலம் பார்க்கப் போகிறார்கள், கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். பொழுது பட்ட பிறகு அவர்களுக்கு இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்களை விடுங்கள், இந்த ஊரில் வளரும் பிள்ளைகளுக்கே தங்கள் ஊரின் கதை முழுதாகத் தெரியாது. இந்த மாவட்டத்தின் வரலாற்றை இரவில், கடற்கரையில், இந்த மாவட்டத்து மக்களே ஆடிக் காட்டும் நிரந்தரமான ஒரு அரங்கை அமைத்துத் தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவள் நான். இந்த ஊரில் எவ்வளவு திறமை வெறுமனே கிடக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்படியொன்று நடக்குமா என்று கேட்பவர்களுக்குப் பிரான்சின் மேற்கில் உள்ள வாண்டே பகுதியைக் காட்டலாம். புய் து ஃபூ என்ற இடத்தில் இடிந்துபோன ஒரு கோட்டையின் முன்னால், 1978 ஜூன் மாதத்தில், சுற்றுவட்டார ஊரவர்கள் சேர்ந்து தங்கள் மண்ணின் கதையை இரவுக் காட்சியாக நடித்தார்கள். தொழில்முறை நடிகர்கள் அல்ல, ஊர்ச்சனம். அந்தக் காட்சி இன்றும் கோடைகாலத்தில் நடக்கிறது. ஏறக்குறைய 2,500 பேர் 23 ஹெக்டேயர் பரப்பில் ஆடுகிறார்கள், இன்றும் தொண்டர்களாகவே. 1989இல் அதன் பக்கத்தில் பகல்நேரப் பூங்காவும் வந்தது. அங்கே ரோலர் கோஸ்டர் கிடையாது. ரோமர் கால அரங்கில் தேரோட்டம், தண்ணீருக்கு அடியிலிருந்து எழும்பி வரும் வைக்கிங் படகு என்று எல்லாமே நாடகக் காட்சிகள். ஆண்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலிலும் 1981இலிருந்து ஒலி ஒளிக் காட்சி நடக்கிறது. பதிவுசெய்த குரல் பேசும், தூண்களில் வெளிச்சம் மாறும், நாயக்கர் கதையும் கண்ணகி கதையும் வரும். நடிகர் ஒருவரும் வரமாட்டார். நம்முடைய அதிகாரிகள் வரலாற்றுக் காட்சி என்றால் உடனே யோசிப்பது இதைத்தான்: நாலு லேசர், ஒரு பெரிய திரை, கணீரென்ற குரல். ஒரு முறை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அதில் ஊரவர் எவருக்கும் இடமில்லை. பார்த்தவன் இரண்டாம் தடவை வரவும் மாட்டான். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

நம்மிடம் இருக்கும் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1622ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி ஊர்வலமாக ஊருக்குள் எழுந்தருளியிருந்த நேரத்தில், பிராமணர் போல வேடமிட்ட போர்த்துக்கேயப் படையினர் கோணேசரின் மலைக்கோவிலுக்குள் புகுந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோவிலை இடிப்பித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டுவித்தான். இன்று பிரெட்ரிக் கோட்டை என்று நாம் சொல்லும் கோட்டையின் வாசலில் அந்தக் கற்களில் சில இன்னும் இருக்கின்றன. “முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பானே” என்ற வரிகள் இங்கே பெரியவர்கள் பலருக்கு மனப்பாடம். குளக்கோட்டன் கோவில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன், பறங்கி என்றால் போர்த்துக்கேயர்.

இதை எப்படிக் காட்டலாம்? பீரங்கியும் நெருப்பும் எல்லோரும் செய்வதுதான். நான் செய்வதானால் கற்களில் இருந்து தொடங்குவேன். மேளமும் நாதஸ்வரமுமாக ஊர்வலம் பார்வையாளர்களுக்கு நடுவாலேயே போக வேண்டும், அவர்களும் எழுந்து கூட நடக்க வேண்டும். அதே நேரம் பின்னால் மலையில் ஒவ்வொரு விளக்காக அணைகிறது. ஊர்வலம் திரும்பி வரும்போது போவதற்குக் கோவில் இல்லை. அதன் பிறகு ஒரு வசனமும் வேண்டாம். ஆட்கள் வரிசையாகக் கல் சுமந்து வந்து, பார்வையாளர்களின் கண்முன்னாலேயே கோட்டைச் சுவரை அடுக்கட்டும். மத்தளம் மட்டும் அடிக்கட்டும். கோவில் சுவராக மாறுவதை ஒரு பிள்ளை அப்படி ஒரு தரம் பார்த்துவிட்டால், பாடப்புத்தகத்தில் 1622 என்ற எண்ணை உருப்போட வேண்டிய தேவையே இராது.

அப்புறம், கதை அங்கே நின்றுவிடவும் இல்லை. 1950இல் நகரத்தில் கிணறு தோண்டியபோது, அன்று மறைத்து வைத்தவையாகக் கருதப்படும் திருவுருவங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிவாரக் கடலில் மூழ்கி, பழைய கோவிலின் கற்களைக் கண்டார்கள். 1963இல் புதிய கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலமும் கடலும் ஒளித்து வைத்ததை மீண்டும் தந்த கதை இது. இதைவிட நல்ல இரண்டாம் பாகத்தை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்ய முடியாது.

மற்றக் கதைகளுக்கும் குறைவில்லை. பாய்மரத்தைப் பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலேயக் கப்பலின் ஆட்கள் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அவர்களில் இளைஞனான றொபேட் நொக்ஸ் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டில் இருந்துவிட்டு, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப்போனார். 1782 என்ற ஒரே ஆண்டில் இந்த ஊர் ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரிடமும், ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனிடமும் கைமாறியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு போட்டன. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டனோடு சேர்த்துச் சொல்லும் கதைகள் தனி. ஒரு பருவத்துக்கு ஒரு கதை என்று எடுத்தாலும் பல ஆண்டுகளுக்குப் போதும்.

யார் ஆடுவது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. மூதூர் கிழக்கு ஊர்களில் இன்னும் கூத்துத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் களரி (கூத்தாடும் வட்ட மேடை) கட்டி ஆடியவர்கள் அவர்கள். கரைவலை இழுக்கும்போது அம்பா பாடத் தெரிந்த மீனவர்கள் இருக்கிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் களிகம்பு ஆட்டமும் றபான் மேளமும் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். கந்தளாய், சேருவில பக்கத்துச் சிங்கள ஊர்களின் ஆட்டங்களும், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர்களின் சடங்குப் பாடல்களும் இருக்கின்றன. ஒரு கம்பனியிடம் ஒப்பந்தத்தைக் கொடுத்து, கொழும்பிலிருந்து நடனக் குழுவைப் பஸ்ஸில் ஏற்றி வந்தால் இவர்கள் எல்லோரும் கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

விடிய விடிய ஆடும் கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரையும் பல்கலைக்கழக மாணவர்களையும் சேர்த்து அதைச் செய்து காட்டினார். பறங்கித் தளபதிக்கு எங்கே போய் ஆட்டம் பிடிப்பது என்றும் கேட்க வேண்டாம். நம் கத்தோலிக்கக் கூத்துகளில் ஐரோப்பிய அரசர்கள் எத்தனையோ காலமாக வரவு ஆடி வருகிறார்கள். வடமோடிக் கூத்தின் தாளத்துக்குக் கொன்ஸ்தந்தீனு த சா களரிக்குள் வருவதை நான் இப்போதே மனதில் பார்க்கிறேன்.

பிரான்சில் ஊரவர்கள் சம்பளமில்லாமல் ஆடுகிறார்கள் என்று மேலே சொன்னேன். அதை மட்டும் இங்கே பின்பற்ற வேண்டாம். கடலுக்குப் போகாமல் ஒத்திகைக்கு வருகிறவருக்கு அன்றைய உழைப்பு இல்லை. ஒத்திகைக்கும் ஆட்டத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும், அண்ணாவியாருக்குக் குருவுக்குரிய சம்பளமும் மரியாதையும் கொடுக்க வேண்டும். உயர்தரத்தில் நாடகம் படித்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் நியமனத்தை விட்டால் வேறு வழி தெரிவதில்லை. ஒளியமைப்பு, உடை, ஒப்பனை, மேடை நிர்வாகம் என்று அவர்களுக்கு இங்கே எவ்வளவோ வேலை உண்டு.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டைக்குள்ளோ கோவில் வளவிலோ மேடை போடக் கூடாது. கோவில் கும்பிடும் இடம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன, அவற்றை ஒலிபெருக்கியும் வெடியும் கலைத்துவிடும். டச்பே கடற்கரை போதும். அங்கிருந்து பார்த்தால் சுவாமி மலை தானே பின்னணியாக நிற்கிறது, திரை எதற்கு? மாரி மழையை விட்டுச் சித்திரை முதல் புரட்டாதி வரை ஆடலாம். ஆனால் நடுவில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது தரையிலிருந்து கடலுக்கு அடித்து, நடிகரின் குரலைக் கொண்டுபோய்விடும். ஆகவே கதை சொல்லும் பகுதியைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பதிவுசெய்து காதுக்கருவியில் கொடுக்கலாம். பாட்டையும் மத்தளத்தையும் பதிவுசெய்யக் கூடாது. அவை அங்கேயே, அந்த நேரத்திலேயே எழும்ப வேண்டும்.

சரி, சிக்கலான விடயத்துக்கும் வருகிறேன். கன்னியா வெந்நீரூற்று முதல் கோணேசர் கோவில் வரை எது யாருடையது என்ற சர்ச்சை இந்த மாவட்டத்தில் ஓயவில்லை. புய் து ஃபூவையும் வரலாற்றாசிரியர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள், பிரான்சின் கதையை அது ஒரு பக்கம் சாய்த்துச் சொல்கிறது என்று. இங்கே அப்படிச் சாய்த்தால் கைதட்டல் அல்ல, காயம்தான் மிஞ்சும். ஆகவே பிரதியை எழுதும் குழுவில் மூன்று சமூகத்தவரும், சம்பளம் வாங்காமல் உண்மையைச் சொல்லக்கூடிய வரலாற்று ஆசிரியர்களும் இருக்க வேண்டும். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்றும் பெயர். பதினொராம் நூற்றாண்டில் தமிழர் அந்தப் பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த தானங்களைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. இதைத் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே மணலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். கோவில் இடிந்த கதையை எவ்வளவு நேர்மையாகச் சொல்கிறோமோ அதே நேர்மையோடு இதையும் சொல்ல வேண்டும்.

போரும் 2004 சுனாமியும் வேறு. அவற்றில் இழந்தவர்கள் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல், டிக்கெட் போட்டு விற்கும் காட்சியாக அதை ஆக்க எவருக்கும் உரிமையில்லை. அவர்களே சொல்ல முன்வரும் நாளில் மேடை தயாராக இருக்கட்டும்.

பெரிய முதலீடும் பூங்காவும் இப்போது வேண்டாம். வரும் பருவத்தில் ஒரு கதையை, 1622இல் தொடங்கி 1963இல் முடியும் கதையை, சில இரவுகளுக்கு மட்டும் டச்பேயில் ஆடிப் பார்ப்போம். அதற்கு உங்களிடமிருந்து வேண்டியது மூன்று காரியம். கடற்கரைக்கும் மலையில் வெளிச்சம் போடுவதற்கும் கரையோரப் பாதுகாப்பு, தொல்பொருள் திணைக்களங்களிடமும் படையினரிடமும் கோவில் பரிபாலன சபையிடமும் அனுமதியும் ஒப்புதலும் பெற்றுத் தாருங்கள். ஒத்திகைக் காலத்தின் கூலிக்கு நிதி ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் முதல், மாவட்டத்தின் அண்ணாவிமாரையும் கலைஞர்களையும் நாடக ஆசிரியர்களையும் மழைக்காலம் முடிவதற்குள் ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். ஒத்திகைக்கு மூன்று மாதமாவது வேண்டும், அதனால் தை மாதம் தாண்டினால் அந்தப் பருவம் கைவிட்டுப் போய்விடும்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு நாடக ஆசிரியை