குடியிருப்போர் நலச்சங்கம்: 2024–25 ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் பூங்காவில் கொடியேற்றினோம். பொங்கல் கோலப்போட்டி நல்லபடியாக நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். எரியாமல் இருந்த தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. தெருநாய்த் தொல்லை பற்றிய மனு நிலுவையில் இருக்கிறது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

இனி குப்பைக் கிடங்கு. சங்கத்தின் நேரமும் பணமும் இந்த ஆண்டு பெரும்பாலும் இதற்கே போனது. இது தேவைதானா என்று சில உறுப்பினர்கள் கேட்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கிடங்கு பற்றி நாம் பல ஆண்டுகளாகப் புகார் கொடுத்து வருகிறோம். நாற்றம் என்போம், பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். புகை என்போம், தண்ணீர் லாரி வரும். அடுத்த வாரம் பழையபடி ஆகிவிடும். இந்த முறை கேள்வியை மாற்றினோம். அந்த இடத்தில் குப்பை கொட்ட நகராட்சிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, இருந்தால் அதன் நிபந்தனைகள் என்ன என்று கேட்டோம். நாற்றம் என்று சொன்னால் வாய்வார்த்தையில் சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம். அங்கீகாரம் என்று கேட்டால் காகிதத்தைக் காட்டியாக வேண்டும்.

இந்த அறிக்கை ஆண்டில் நடைமுறையில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 சொல்வது இதுதான். நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் குப்பையைக் கையாளும் நிலையமோ கிடங்கோ நடத்த, உள்ளாட்சி அமைப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். அது காலாவதியாக 60 நாள் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் படிவம் 4இல் அறிக்கை தர வேண்டும். கிடங்கு, வீடுகளிலிருந்தும் குளத்திலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடியில் 90 செ.மீ. களிமண்ணை இறுக்கி, அதன் மேல் 1.5 மி.மீ. தடிமனில் எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். மக்குவதும் மறுசுழற்சிக்கு ஆவதும் அங்கே போகவே கூடாது. எதற்கும் ஆகாத மிச்சம் மட்டும்தான் போகலாம். நம் கிடங்கில் வாழைமட்டையிலிருந்து கோழிக்கழிவு வரை எல்லாம் வெறும் தரையில் கிடக்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் குடிமக்கள்தான் தகவல் கேட்கலாம் என்பதால், சங்கத்தின் பெயரை விட்டு என் பெயரில் மனு போட்டேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அங்கீகார நகல், புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பம், படிவம் 4, நிலத்தடி நீர்ச் சோதனை முடிவு ஆகியவற்றைக் கேட்டேன். 30 நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வந்தது. அங்கீகாரம் காலாவதியாகி வெகுநாள் ஆகியிருந்தது. புதுப்பிக்க விண்ணப்பிக்கவே இல்லை. நீர்ச் சோதனை செய்ததற்குக் கோப்பில் எதுவும் இல்லை. இந்த ஒரு தாள்தான் இந்த ஆண்டு நமக்குக் கிடைத்த பெரிய பலம்.

அப்புறம் அளந்து பார்த்தோம். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கின் எல்லைக்கல்லிலிருந்து கடைசித் தெருவின் முதல் வீட்டு வாசல் வரை டேப் பிடித்தார். விதி சொல்லும் தூரத்தில் பாதிகூட வரவில்லை. குப்பை மேடு எல்லைக்கல்லையும் மூடிக்கொண்டு ஏரிப் புறம்போக்கில் சரிந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

இவற்றையெல்லாம் இணைத்து வாரியத்துக்கு மனு அனுப்பினோம். ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஆய்வுக்கு வந்தார்கள். மேட்டின் அடியிலிருந்து டிகாக்ஷன் நிறத்தில் கசிந்த நீர், நுரை கட்டிக்கொண்டு, சாலைக்கு அடியில் போகும் குழாய் வழியாக ஏரிக் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. குழாய்க்கு மேற்கே கால்வாய்த் தண்ணீரில் அடிமணல் தெரிந்தது. கிழக்கே ஒன்றும் தெரியவில்லை. வந்திருந்த பொறியாளர் இரண்டு பக்கமும் பாட்டிலில் நீர் எடுத்து, சீல் வைத்து, நகராட்சி ஊழியரிடம் கையெழுத்து வாங்கினார். பல ஆண்டுப் புகாரில் ஒருமுறைகூட நடக்காத காரியம் இது.

அதன்பின் நகராட்சிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. இப்போது நகராட்சி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறது. எடைமேடை மறுபடி வேலை செய்கிறது. இரவில் தீ வைப்பது நின்றிருக்கிறது. கசிவுநீர்த் தொட்டியும் பழைய மேட்டை அகற்றும் பயோமைனிங் வேலையும் இன்னும் பேச்சளவில்தான் இருக்கின்றன.

சின்ன நகராட்சி, வருமானம் குறைவு, அதைப்போய் ஏன் நெருக்க வேண்டும் என்று நம் உறுப்பினர்களே கேட்கிறார்கள். பணமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பழைய குப்பை மேடுகளைச் சீர்செய்ய 2016 விதிகள் தந்த அவகாசம் ஐந்து ஆண்டு. அது 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரியில் போட்ட உத்தரவு, தவறும் உள்ளாட்சிகளுக்கு 2020 ஏப்ரல் 1 முதல் மாதாமாதம் இழப்பீடு விதிக்கச் சொல்கிறது. 10 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் என்றால் 10 லட்சம் ரூபாய், 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 5 லட்சம், மற்ற ஊர்களுக்கு 1 லட்சம். சிறிய ஊருக்குத் தொகையைக் குறைத்தார்களே தவிர, விலக்குக் கொடுக்கவில்லை. அந்த 1 லட்சமும் நம் வரிப்பணத்திலிருந்துதான் போகும். அதனால்தான் நம் மனுவில் அபராதம் கேட்கவில்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு கெடு வைக்கச் சொல்லிக் கேட்டோம். 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் குப்பை மேடு பற்றி எரிந்ததைப் பார்த்தோம். மாநகராட்சிகளே அணைக்க நாள்கணக்கில் திணறின. அப்படி ஒன்று இங்கே நடந்தால் கடைசித் தெருக்காரர்கள் எங்கே போவார்கள்?

நம் பக்கமும் ஒன்று பாக்கி இருக்கிறது. பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை அதே விதிகள் வீட்டுக்காரர் மேல் வைத்திருக்கின்றன. நம் தெருக்களில் இன்னும் பலர் சோற்றையும் பால் கவரையும் ஒரே பையில் கட்டித் தருகிறார்கள். தூய்மைப் பணியாளர்கள் வெறும் கையால் அதைக் கிளறுகிறார்கள். நகராட்சியைக் கேள்வி கேட்டுவிட்டு நாம் இப்படி இருந்தால், அடுத்த ஆய்வில் நம்மைத்தான் காட்டுவார்கள்.

இனி வருத்தத்தோடு ஒன்றைப் பதிவு செய்கிறேன். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆய்வன்று கடைசித் தெருப் பெண்கள்தான் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் படம் போட்டவர்கள் யாரையும் அங்கே காணவில்லை. நகராட்சியில் ஒப்பந்த வேலை எடுக்கும் உறுப்பினர்களின் நிலைமை எனக்குப் புரிகிறது. அவர்கள் வர வேண்டாம். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லித் தலைவருக்குப் போன் செய்யாமலாவது இருக்கலாம். கிடங்கு எங்கள் தெருப் பக்கம் இல்லையே என்று சொல்லிச் சந்தாவை நிறுத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. ஏரியில் இறங்கும் தண்ணீர்தான் எல்லாருடைய ஆழ்துளைக் கிணற்றுக்கும் வருகிறது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாவும் பொங்கல் நன்கொடையும் வரவு. நீர்ச் சோதனை, நகல், தபால், பயணம், நிகழ்ச்சிகள் செலவு. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. சந்தா பாக்கி வந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். கணக்கு தணிக்கை செய்யப்பட்டுச் சங்கங்களின் பதிவாளருக்கு அனுப்பப்படும்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், கூட்டத்துக்கு மண்டபம் தந்தவர், ஒலிபெருக்கி தந்தவர் அனைவருக்கும் நன்றி. டேப் பிடித்த அளவையருக்கும் கடைசித் தெருப் பெண்களுக்கும் தனி நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டு வேலை முன்னால் நிற்கிறது. புதுப்பிக்கும் அங்கீகாரத்தில் கசிவுநீர்த் தொட்டி, நீர்ச் சோதனை, பயோமைனிங் மூன்றுக்கும் கெடு எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியிருக்கும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வழக்கறிஞருக்கும் ஆய்வகத்துக்கும்தான் செலவு. ஆறு மாதக் காலவரம்பும் இருப்பதால் தள்ளிப்போட முடியாது.

இந்தப் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்க முன்வந்தால், கோப்பை வரிசைப்படி அடுக்கி ஒப்படைத்து, கூடவே நின்று உதவத் தயாராக இருக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் என் ஒருவன் பெயரில் மனு போவதைவிட, தெருவுக்கு ஒருவராவது மனுதாரராகச் சேர்வது நல்லது. அதற்கான தாள் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்