கோடை விடுமுறையில் ஒரு விளையாட்டுப் பொருள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புடையீர்,

வணக்கம். ஆண்டுத் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்குகிறது. வழக்கமாகக் கொடுக்கும் விடுமுறைக் குறிப்பேட்டுக்குப் பதிலாக, இவ்வாண்டு மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு ஒரே ஒரு வேலையைத் தருவதென ஆசிரியர்கள் கூடி முடிவு செய்துள்ளோம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியாக இருந்த காலத்தில், இங்குள்ள பிள்ளைகள் வைத்து விளையாடிய பொருள் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே செய்து, பள்ளி திறக்கும் வாரத்தில் கொண்டு வர வேண்டும். அவற்றைக் காட்சிக்கு வைப்பதோடு, முற்றத்தில் வைத்து விளையாடவும் போகிறோம்.

‘கையாலேயே’ என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செயல்திட்டம் என்றாலே கடையில் வாங்கிய தெர்மோகோலும், பிள்ளை உறங்கிய பிறகு தாயார் கண்விழித்து ஒட்டி முடித்த வேலையும்தான் பள்ளிக்கு வந்து சேருகின்றன. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கோ பொருளைச் செய்வதே விளையாட்டில் பாதியாக இருந்தது. செய்யத் தெரியாதவனுக்கு விளையாடவும் கிடைக்காது.

இது நுங்குக் காலமாக இருப்பது நமக்கு வசதி. ஐந்தாம் வகுப்பில் கேட்டபோது, நுங்கு தின்றவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நுங்கு வண்டி ஓட்டியவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். சுளைகளைத் தோண்டித் தின்ற பிறகு எஞ்சும் இரண்டு கூடுகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் இறுகச் செருகி, நடுவில் கவைக்கம்பைக் கொடுத்துத் தள்ளினால் வண்டி ஓடும். இரண்டு கூடுகளும் ஒரே அளவில் இல்லாவிட்டால் சிறிய கூடு இருக்கும் பக்கமாகவே வண்டி வளைந்து வளைந்து போகும். அது ஏன் என்று பிள்ளை கேட்டால் உடனே விடை சொல்லிவிடாமல், வேறொரு கூட்டை மாற்றிப் பார்க்க விடுங்கள். பனையோலைக் காற்றாடியும் அப்படித்தான். ஓலைத் துண்டுகளைக் குறுக்காகக் கோத்து முள்ளால் குத்திக் குச்சியில் நிறுத்தும்போது, முள் போகும் துளை பெரிதானால் காற்றாடி தள்ளாடும், சிறிதானால் சுற்றாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் முப்பந்தல் காற்றாலைகளைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள், காற்று எந்தக் கோணத்தில் ஓலையைத் தள்ளுகிறது என்பதைக் கையில் வைத்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பனை குறைந்து தோப்பும் மலையுமாக இருக்கும் கல்குளம், விளவங்கோடு பகுதியினர் கமுகம்பாளையை, அதாவது பாக்கு மரத்தின் மட்டையை, எடுத்துக்கொள்ளலாம். ஒருவரை அதில் உட்கார வைத்து மற்றவர் ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்து ஓடும் விளையாட்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்னோலைப் பந்து, பூவரசிலைப் பீப்பீ, தட்டாங்கல், புளியங்கொட்டையோ மஞ்சாடி முத்தோ இட்டு ஆடும் பல்லாங்குழி, கொல்லாங்கொட்டையை (முந்திரிக்கொட்டையை) பந்தயமாக வைத்து எறிந்தாடும் ஆட்டம் ஆகிய எதுவானாலும் ஏற்போம்.

அன்று கடையில் வாங்கியவையும் இல்லாமல் இல்லை. திருவிழாக் கடைகளில் மண்சொப்பும் மரச்சொப்பும் ஊதலும் கிடைத்தன. 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற, கோலியால் வாய் அடைபடும் சோடா புட்டி பின்னர் நம் ஊர்களுக்கும் வந்து, உடைந்த புட்டியின் கண்ணாடிக் கோலி சிறுவர் கைகளில் மதிப்பு மிக்க சொத்தாயிற்று. ஆனால் ஐரோப்பியப் பிள்ளைகள் தகர ரயிலுக்கு ஏங்கிய அந்த ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் தண்டவாளமே கிடையாது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல்தான்.

வெளிநாட்டுப் பொம்மைகள் தொழிற்சாலையிலேயே பிறந்தவை என்ற எண்ணமும் முழுக்கச் சரியல்ல. லிவர்பூலில் எழுத்தராக இருந்த ஃபிராங்க் ஹார்ன்பி தம் மகன்களுக்காக வீட்டில் உலோகத் தகட்டைப் பட்டைகளாக வெட்டி, துளையிட்டு, திருகாணியால் இணைத்து விளையாட்டுப் பாலமும் பளுதூக்கியும் செய்து கொடுத்தார்; 1901-இல் காப்புரிமை பெற்ற அதுவே 1907 முதல் மெக்கானோ என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையானது. 1902-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கரடி ஒன்றைச் சுட மறுத்த செய்தி கேலிச்சித்திரமாக வந்தபோது, புரூக்ளினில் மிட்டாய்க் கடை நடத்திய மிக்டம் தம்பதியர் துணியில் தைத்துக் கடையில் வைத்த கரடிதான் இன்று நம் பிள்ளைகள் கட்டிப்பிடித்து உறங்கும் டெடி கரடிக்கு முன்னோடி.

அந்தக் காலத்தை இனிப்பாக மட்டும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமந்தும், இடையில் கிடைத்த பொழுதில்தான் பலர் விளையாடினார்கள். பெண் குழந்தைகளுக்கு அந்தப் பொழுதும் குறைவு. சாதியின் காரணமாக எல்லாத் தெருவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்லோரும் நடப்பதற்கே 1926-இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பரில்தான் வந்தது. நடக்கவே உரிமையில்லாத வீதியில் பம்பரம் விடுவது எங்ஙனம்? வீட்டுப் பெரியவர்களிடம் ‘என்ன விளையாடினீர்கள்’ என்பதோடு, ‘யாரோடு விளையாடினீர்கள், யாரோடு விளையாட விடவில்லை’ என்பதையும் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். இன்றைய தாத்தா பாட்டியர் பிறந்தது அதற்குப் பிந்தைய காலத்தில் என்பதால், அவர்கள் தம் பெற்றோரிடம் கேட்டவற்றையும் பார்த்தவற்றையும் சொன்னால் போதும்.

பாதுகாப்புக்காகச் சில சொற்கள். பனைமட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும். மட்டையையும் நுங்கையும் சீவும் வேலையைப் பெரியவர் ஒருவரே செய்து தர வேண்டும், பிள்ளைகளை மரம் ஏற விடக் கூடாது. பச்சைக் கொல்லாங்கொட்டையின் தோட்டுப்பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் நன்கு உலர்ந்ததையே கொடுங்கள். பரணில் பழைய தகரப் பொம்மையோ செல்லுலாய்டு (பழங்காலப் பிளாஸ்டிக்) பொம்மையோ கிடந்தால், அதைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டு வாருங்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், செல்லுலாய்டோ எளிதில் தீப்பற்றும். அத்தகையவற்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, அன்று மாலையே திருப்பித் தருவோம்.

செய்த பொருளோடு, அதைச் செய்யக் கற்றுக் கொடுத்தவர் யார், எந்த ஊரில் விளையாடியது, ஆட்டத்தின் விதி என்ன என்பவற்றை மாணவர் தம் கையெழுத்தில் ஒரு பக்கத்தில் எழுதி இணைக்க வேண்டும். பொருள் கோணலாக இருந்தாலும் மதிப்பெண் குறையாது. கண்காட்சி நாளில் பம்பரம், கிளித்தட்டு, தட்டாங்கல் ஆகியவற்றைக் கற்றுத் தர முன்வரும் பாட்டிமாரும் தாத்தாமாரும் தங்கள் விருப்பத்தை வகுப்பாசிரியரிடம் விடுமுறைக்குள் தெரிவித்தால், நிழலில் நாற்காலியும் குடிநீரும் ஏற்பாடு செய்து வைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்